டெல்மர் மச்சானும் சவ வண்டி இன்ஜினும்

டெல்மர் வாண்ட்ராசெக் என் அக்கா பெர்னடினைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால் ஒன்பது வருஷம் யோசித்தார். யோசித்ததுதான் அவர், முடிவு எடுத்தது அக்கா. ஒன்பதாவது வருஷம் அவளே பாதிரியாரைப் பார்த்துத் தேதி குறித்துவிட்டு வந்து, "ஜூன் பதினாலு, காலையில பத்து மணி. நீயும் வந்தா நல்லா இருக்கும்" என்று சொன்னாள். வந்தார். எதைப் போடுவது என்று தெரியாமல் இரண்டு சட்டை கொண்டு வந்திருந்தார்.

ஆள் தங்கமானவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறடி இரண்டங்குலம், தொப்பிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் ஆச்சரியப்பட்ட முகம். கவுண்டி நிர்வாகத்தில் கிரேடர் ஓட்டுகிற வேலை. மண் ரோட்டைச் சமன் செய்வது, குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவது. ரோடு போகிற பக்கம் போனால் போதும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அந்த வேலையில் முப்பத்தோரு வருஷம் சந்தோஷமாக இருந்தார். நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் ஊரான நியூ டாபோரில் இருக்கிற ஒரே சாப்பாட்டுக் கடையில் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது. கொண்டுவந்து வைப்பார்கள், சாப்பிடுவார்.

அவர் வாழ்க்கையில் சட்டென்று செய்த ஒரே காரியம் அந்தப் பழைய பிக்கப்பை வாங்கியது. அதுவும் குளவியால். பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் ஏலம். டெல்மர் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். 1953ஆம் வருஷத்துப் பச்சை நிற பிக்கப் ஏலத்துக்கு வந்தபோது காதோரம் ஒரு குளவி வந்தது. கையை வீசினார். ஏலக்காரர் "அதோ, உயரமான ஐயா!" என்றார். குளவி மறுபடி வந்தது. மறுபடி வீசினார். அவரோடு அவரே போட்டி போட்டு வாங்கிய வண்டி அது.

வாங்கியபின் அதன்மேல் அவருக்கு வந்த பிரியம் இருக்கிறதே, என் அக்கா சில நாள் பொறாமைப்பட்டாள். ஆனால் வண்டி ஓடாது. அதாவது ஓடும், நகராது. ஆறு சிலிண்டர் இன்ஜின். இறக்கத்தில், பின்காற்று இருந்தால், மணிக்கு நாற்பத்தைந்து மைல். மேட்டில் என்ன வேகம் என்று யாரும் பார்த்ததில்லை, வேகமானி முள் அவ்வளவு கீழே வேலை செய்வதில்லை. ஒருதரம் கோதுமை அறுக்கிற இயந்திரம் ஒன்று அவரை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவன் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனான்.

இதில் அக்காவுக்கு என்ன கஷ்டம் என்றால், அவள் அக்கார்டியன் வாசிக்கிறவள். 'புழுதி போல்கா குழு' என்று, போல்கா நடனத்துக்கு வாசிக்கிற நாலு பேர். சனிக்கிழமை தவறாமல் எங்காவது ஒரு மண்டபத்தில் கல்யாணம், திருவிழா, நடனம். டூபா என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியம், டிரம், ஒலிபெருக்கி எல்லாம் டெல்மரின் பிக்கப்பில்தான் போகும், ஏனென்றால் அதன் கதவில்தான் குழுவின் பெயரை அழகாக எழுதி வைத்திருந்தார்கள். முன்சீட்டில் டெல்மர், அக்கா, டூபா வாசிக்கிற மைலோ. மற்ற இரண்டு பேர் காரில் போய், மண்டபத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"எட்டு மணி நடனத்துக்கு எத்தனை மணிக்குடா கிளம்பணும்?" என்று மைலோவிடம் யாராவது கேட்டால், "வியாழக்கிழமை" என்பான்.

விஷயம் முற்றியது ஒரு மே மாதத்தில். டெல்மர் குழுவோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சவ ஊர்வலம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிற லம்பர்ட் நோவியின் கறுப்பு வண்டி முன்னால், அதற்குப் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு கார்கள். லம்பர்ட் பொறுமைசாலி. தொழில் அப்படி. மூன்று மைல் பொறுத்தார். பிறகு மெதுவாக ஒதுங்கி முந்தினார். பின்னாலேயே பத்துப் பதினோரு கார் முந்தின. ஒவ்வொன்றிலும் இருந்தவர்கள் துக்க முகத்தோடு கையசைத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் மேடு வந்துவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் முந்த முடியாமல் டெல்மருக்குப் பின்னாலேயே தங்கிவிட்டார்கள்.

நாலுமுனைச் சந்திப்பில் லம்பர்ட் இடதுபக்கம் கல்லறைக்குத் திரும்பினார். டெல்மர் வலதுபக்கம் நடன மண்டபத்துக்குத் திரும்பினார். பின்னால் இருந்த பதினோரு காரும் டெல்மரோடு திரும்பின.

மண்டபத்து வாசலில் கறுப்பு உடையோடு நாற்பது பேர் இறங்கியதைப் பார்த்துச் சமையல்காரம்மாக்கள் அசந்துபோனார்கள். ஆனாலும் வந்தவர்களை வரவேற்றார்கள். செத்தவருடைய சித்தி ஒருத்தி, இரண்டு கொலாச் ரொட்டியும் ஒரு டம்ளர் பீரும் முடித்த பிறகுதான், "ஆமா, பெட்டி எங்க?" என்று கேட்டாளாம்.

இதற்குப் பிறகு டெல்மர் ஒரு மாதம் மாதாகோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தக் கோடையில் அடித்த புயலில் தானியக் கிடங்கின் தகரக் கூரை பறந்து வந்து லம்பர்ட்டின் வண்டிமேல் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை, உயிரோடும் இல்லை, மற்றபடியும் இல்லை. பின்பக்கம் அப்பளம். முன்பக்கம் ஒரு கீறல் கிடையாது. நான்தான் இந்த ஊர் மெக்கானிக் என்பதால் இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் போட்டேன். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே புத்தம் புதுசு மாதிரி எட்டு சிலிண்டர் இன்ஜின். முந்நூறு குதிரைத்திறனுக்கு மேல். இருபதாயிரம் மைல்தான் ஓடியிருந்தது, அதுவும் ஊர்வல வேகத்தில்.

லம்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "விர்ஜில், இதை உன் மச்சானுக்குக் குடுத்துடு."

"டெல்மருக்கா? எதுக்கு?"

"அவன் இனிமே எனக்கு முன்னாடி போகக் கூடாது. போனா வேகமாப் போகணும். காசு கீசு வேணாம். குளிர்காலத்துல கல்லறை ரோட்டுல பனியை முதல்ல தள்ளச் சொல்லு, போதும்."

டெல்மரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வந்தார். இன்ஜினைக் கழற்றி ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தேன். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"மாப்ள, நல்லாத்தான் இருக்கு."

"அப்போ மாட்டிடலாமா?"

"யோசிக்கணும்."

"என்ன மச்சான் யோசனை?"

இன்ஜினை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்குக் கல்லறைக்குப் போற வழி மட்டும்தானேடா தெரியும்?" என்றார்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் மதியம் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவார். இன்ஜினுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை உட்காருகிற மாதிரி, நேராகவும் பார்க்காமல், பார்க்காமலும் இராமல். சாப்பிட்டு முடித்து, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுந்து போவார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பழைய இன்ஜின் கட்சிக்குத் தலைவர் ஹார்லன் டீக். பழைய வண்டிகளைத் துடைத்துத் துடைத்துத் தேய்க்கிற சங்கத்தின் செயலாளர். என் பட்டறை வாசலில் நின்று, உள்ளே வராமல், பேசினார்.

"விர்ஜில், அந்த வண்டியில இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இன்னும் ஒத்துப்போகுது. அது தெரியுமா உனக்கு? ஒத்துப்போகுது!"

"ஒத்துப்போய் என்ன புண்ணியம்? ரெண்டும் சேர்ந்து நிக்குது."

"அது அந்த வண்டியோட இதயம்ய்யா!"

"ஹார்லன், அந்த இதயத்துக்கு ஆறு அறை. ரெண்டுல ஆளே இல்ல."

பொய் இல்லை. சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதித்துப் பார்த்திருந்தேன். நாலு ஏதோ வேலை செய்தது. ஒன்று வேலை செய்கிற மாதிரி நடித்தது. ஆறாவது அந்தப் பாவனைகூடச் செய்யவில்லை. டெல்மரிடம் காட்டினேன். "பழசைப் பிரிச்சுப் புதுப்பிக்கலாம் மச்சான். அப்பவும் நாற்பத்தஞ்சுதான் போகும். இல்ல, இதை மாட்டலாம். ஆனா இன்ஜின் மட்டும்னு நினைக்காதீங்க. இந்த வேகத்துக்கு அந்த பிரேக் நிக்காது, மாத்தணும். பின்னாடி ஆக்ஸில் முறிஞ்சிடும், மாத்தணும். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயர் எல்லாம் மாத்தணும்."

"அப்போ என் வண்டியில என்னதான் மிஞ்சும்?"

"கதவு. அதுல எழுதியிருக்கிற பேரு."

அன்றைக்கு ரொட்டியை முழுசாகச் சாப்பிடவில்லை.

அவருக்குத் தைரியம் வரட்டும் என்று என்னுடைய பிக்கப்பில் ஒருநாள் உட்கார வைத்தேன். அதிலும் இந்த மாதிரி இன்ஜின் மாற்றியிருக்கிறேன். சோளக்காட்டுக்கு நடுவே நேர் ரோடு. மிதித்தேன்.

"சேசு மரி சூசையே!" என்று ஆரம்பித்தவர், மூன்று மைலுக்குத் திருக்குடும்பத்தில் மூன்று பேரையும் விடவில்லை. நிறுத்தியபோது தொப்பி பின் சன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கினார். ரோட்டோரப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்படி மச்சான்?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "யோசிக்கணும்."

குளிர்காலம் வந்தது. இன்ஜினுக்குப் பதிலாக லம்பர்ட் கேட்டதை டெல்மர் மறக்கவில்லை. முதல் பனி விழுந்த காலை, கிரேடரை எடுத்துக்கொண்டு நேரே கல்லறைக்குப் போய் ஒவ்வொரு பாதையிலும் பனியைச் சுத்தமாகத் தள்ளினார். பள்ளிக்கூட பஸ் இரண்டு மணி நேரம் ஊருக்குள் சிக்கிக்கொண்டு கிடந்தது. சாப்பாட்டுக் கடையில் இதுதான் பேச்சு. "இந்த ஊர்ல ரோடு வேணும்னா முதல்ல சாகணும்" என்றார்கள். குழந்தைகள் மட்டும் டெல்மரை வாழ்த்தினார்கள்.

இன்ஜினோ என் பட்டறையில் நின்றுகொண்டே இருந்தது. நான் அதில் கோட்டு மாட்ட ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸுக்கு மாதாகோயில் பெண்கள் வந்து அதன்மேல் ஒரு நட்சத்திரம் வைத்துவிட்டுப் போனார்கள். ஈஸ்டர் வரைக்கும் யாரும் எடுக்கவில்லை. ஒரு வருஷம் போனது. பன்னிரண்டு மாதமும் போய் மேலே இரண்டு மாதம் ஆனது.

அப்போதுதான் அந்த செப்டம்பர் மாதக் கல்யாணம் வந்தது. முப்பத்தோரு மைல் தள்ளி. நாலு மணிக்கு வாத்தியம். பன்னிரண்டு மணிக்கே கிளம்பினார்கள். எதிர்காற்று. எங்கள் நெப்ராஸ்காவில் காற்று என்றால் அது பேச்சுக்கு அடிக்கிற காற்று இல்லை. அன்றைக்குக் கோழிகள் பின்பக்கமாக நடந்தன. காற்று வலுத்த இடங்களில் வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தைத் தாண்டவில்லை. டிரம்மின் மேலுறை பறந்தது. அக்கா ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, நடந்துபோய் அதைப் பொறுக்கி, நடந்துவந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தாள். டெல்மர் பிரேக்கைத் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

பின்னால் டூபா வாயைத் திறந்தபடி நிமிர்ந்து கட்டப்பட்டிருந்தது. காற்று அதன் வாயில் புகுந்து 'பூ...ம்' என்று ஒரே சுதியில் ஊத ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. தீவனம் போடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எல்லாம் ஓடிவந்தன. வேலியோரமாக எண்பது மாடு கூடவே வந்தன. ஓடிக்கூட இல்லை, நடந்து.

"நம்மளைவிட அதுங்க முன்னாடி போகுது" என்றான் மைலோ.

"வாயை மூடு" என்றாள் அக்கா.

மேட்டில் பாதிக்குமேல் வண்டி ஏறவில்லை. நின்றது. யோசித்தது. பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. மைலோ கதவைத் திறந்து காலை ஊன்றிப் பார்த்தான், செருப்புத்தான் போனது. கடைசியில் ஒரு பண்ணைக்காரர் எரு வண்டி கட்டிய டிராக்டரோடு வந்து, எருவண்டிக்குப் பின்னால் இவர்களைக் கட்டி இழுத்தார். எதிர்காற்று என்று சொன்னேன் அல்லவா. எரு எந்தப் பக்கம் வந்திருக்கும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

ஐந்தரைக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே மணப்பெண்ணும் மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் பெரியப்பா சீப்பில் காகிதம் வைத்து ஊதியதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கண்மை கன்னம் வரைக்கும் வந்திருந்தது. அக்கா அக்கார்டியனைத் தோளில் மாட்டி, யார் முகத்தையும் பார்க்காமல், நள்ளிரவு வரை வாசித்தாள். பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. வாசனை அப்படி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"விர்ஜில், அதை மாட்டு."

"மச்சான் சொல்லட்டும் அக்கா. வண்டி அவர் பேர்ல. ஆள் சொல்லாம அடுத்தவன் வண்டியில நான் கை வைக்க மாட்டேன்."

"அந்த மனுஷன் சொல்றதுக்குள்ள எனக்கு லம்பர்ட்டோட வண்டியில இடம் கிடைச்சிடும். படுத்துக்கிட்டுப் போவேன். அதுலயாவது நேரத்துக்குப் போய்ச் சேருவேன்."

அழுதாளோ என்று பார்த்தேன். கோபம்தான். அதுவும் டெல்மர்மேல் இல்லை, அந்த மணப்பெண்ணின் கண்மையை நினைத்து. அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொழில் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை மதியம். டெல்மர் வாளியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கறுப்புக் கோட்டோடு லம்பர்ட் உள்ளே வந்தார்.

"விர்ஜில், ஒரு உதவி. பழசுக்குப் பதிலா நான் வெளியூர்ல வாங்கின சவ வண்டி இருக்கே, அதோட இன்ஜின் போயிடுச்சு. நேத்து ஜெபம் நடக்கிறப்போ டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். குடும்பத்துக்காரங்க பெட்டிக்குள்ளதான் ஏதோ ஆடுதுன்னு பயந்துட்டாங்க." தாங்கியில் நின்ற இன்ஜினைப் பார்த்தார். என் கோட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. "இது இன்னும் சும்மாத்தானே இருக்கு? திருப்பி எடுத்துக்கறேன். டெல்மருக்கும் வேணும்னு தோணல போல."

ரொட்டி கீழே விழுந்தது. டெல்மர் எழுந்து நின்றார். அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. வாளி உருண்டு சுவர் வரைக்கும் போனது.

"தொடாதீங்க!"

நானும் லம்பர்ட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"அது என் இன்ஜின்" என்றார் டெல்மர். "போன குளிர்காலம் பூரா உங்க ஆளுங்களுக்கு ரோட்டுல பனி தள்ளியிருக்கேன். பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன். அது என் வண்டிக்கு."

"பதினாலு மாசமா அதைத் தொடக்கூட இல்லையேப்பா நீ!"

"நேத்துத்தான் மாட்டச் சொன்னேன். இல்லையா மாப்ள?"

என் பக்கம் திரும்பினார். அந்த ஆச்சரியப்பட்ட முகம் இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய்யாக இருக்க வேண்டும், சொல்லத் தெரியாமல் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஆமா" என்றேன். "நேத்துத்தான். சாயங்காலமா."

லம்பர்ட் ஓமாஹா நகரத்தில் வேறு ஒன்று பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். அவருடைய கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, நான் டெல்மரின் பிக்கப்பை உள்ளே தள்ளி, மூடியைக் கழற்றி, ரேடியேட்டரில் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பழைய இன்ஜினின் இரண்டு போல்ட்டைக் கழற்றியாயிற்று.

"இல்ல மாப்ள, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அந்தப் பெரிய ஸ்பேனரை எடுங்க மச்சான்."

எடுத்துக் கொடுத்தார்.

ஐந்து வாரம் வேலை. பழைய இன்ஜினை வெளியே தூக்கிய அன்று ஹார்லன் டீக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். லம்பர்ட்டின் ஊர்வலத்தில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "இதை என்ன பண்ணப் போறீங்க?" என்றார். டெல்மர், "யோசிக்..." என்று ஆரம்பித்தார். அக்கா, "எடுத்துக்கிட்டுப் போ ஹார்லன்" என்றாள். கொண்டுபோனார். கழுவி, வண்ணம் பூசி, வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவர் மனைவி இப்போது சமையலறையிலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.

முதல் ஓட்டத்துக்கு மூன்று பேரும் ஏறினோம். டெல்மர் ஸ்டியரிங்கில், அக்கா நடுவில், நான் ஓரத்தில். சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை.

"ஸ்டார்ட் ஆகல."

"ஆயிடுச்சு மச்சான்."

"அப்படியா!"

நெடுஞ்சாலைக்கு வந்தோம். டெல்மர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கவனமாக ஏற்றினார். முப்பது. நாற்பது. நாற்பத்தைந்து. அதற்குமேல் ஒரு மயிரிழை மிதிக்கவில்லை.

"நாற்பத்தஞ்சுதான்" என்றார் நிம்மதியாக. "அதே வேகம்தான் மாப்ள. ஆனா எவ்வளவு வழுவழுன்னு போகுது பாரு! இதுக்குப் போயா பயந்தேன்?"

நான் வெளியே பார்த்தேன். வேலிக் கம்பங்கள் சீப்புப் பல் மாதிரி ஓடின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது கியர்பாக்ஸுக்கும் பழைய வேகமானிக்கும் கணக்கு ஒத்துப்போகாது. நடுவில் வேறு பல்சக்கரம் ஒன்று போட வேண்டும். அதை மறந்தே போயிருந்தேன். முள் நாற்பத்தைந்து என்றால் வண்டி எழுபதுக்குமேல்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தேன். என் கால்விரல்மேல் அக்காவின் குதிகால் இறங்கியது. அவள் முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"ரோடு நல்லா இருக்கு மச்சான்" என்று முடித்தேன்.

மூன்று வாரம் அப்படியே ஓட்டினார். வண்டியை நிதானமாக ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற எல்லாரையும் முந்தினார். முந்தும்போது மரியாதையாகக் கையசைத்தார். மைலோ கண்ணை மூடிக்கொண்டு டூபாவிலிருந்து கழற்றி வைத்த ஊதுமுனையைக் கடித்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டுக் கடையில் டெல்மர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இப்பல்லாம் ஏன் எல்லாரும் இவ்வளவு மெதுவா ஓட்டறாங்க மாப்ள? நேத்து ஒரு வெளியூர்க் கார் நின்னுக்கிட்டே இருக்கிற மாதிரி போகுது. ஜனங்களுக்கு என்ன ஆச்சு?"

"வயசாகுது மச்சான்" என்றேன்.

மாட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை. துணை ஷெரிஃப் கெயில் ரூஸிச்கா, நாங்கள் தூக்கி வளர்த்த பெண், விளக்குப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். டெல்மர் நிறுத்தினார். சன்னலருகே வந்தாள். கையில் வேகம் அளக்கிற கருவி.

"டெல்மர் மாமா, ஒரு விஷயம் சொல்லணும். பல வருஷமா நாங்க இந்தக் கருவி சரியா வேலை செய்யுதான்னு பார்க்கிறதே உங்களை வெச்சுத்தான். நீங்க எப்பவும் இந்த இறக்கத்துல நாற்பத்தஞ்சு. அதுல மாற்றமே இருக்காது. மூணு வாரமா எழுபத்திரண்டு காட்டுது. நாங்க கருவியை ரெண்டுதரம் ரிப்பேருக்கு அனுப்பிட்டோம்."

"கருவியிலதான்மா கோளாறு" என்றார் டெல்மர் பரிவாக. "நான் நாற்பத்தஞ்சுதான் போறேன். வேணும்னா முள்ளைப் பாரு."

"நிக்கிற வண்டியில முள்ளைப் பார்த்து என்ன மாமா பண்றது?"

"பெர்னடின், நீ சொல்லேன்."

அக்கா முன்கண்ணாடி வழியாக ஒரு மேகத்தைப் பார்த்தாள். "எனக்கு வேகம் எல்லாம் தெரியாது. வாத்தியம் வாசிக்கிறவ நான்."

மைலோ ஊதுமுனையை வாயிலிருந்து எடுத்தான். "எழுபத்திரண்டுதான் டெல்மர்" என்றான். "போன வாரம் எழுபத்தஞ்சு. கார்ல பின்னாடி வந்த நம்ம ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். அவங்க உன்னைப் பிடிக்க முடியலன்னு விட்டுட்டாங்க."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அபராதச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த வண்டி எழுபது வருஷத்தில் வாங்கிய முதல் சீட்டு அது. மீதிப் பத்து மைலை எவ்வளவு வேகத்தில் போனார் என்று மைலோ சொல்லும்போது இப்போதும் நடந்தே காட்டுவான்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்கு வந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியும் மச்சான்."

"அவளுக்கு?"

"காலை மிதிச்சதே அவதான். நகம் இன்னும் கறுப்பா இருக்கு, பார்க்கறீங்களா?"

பார்த்தார். நிஜமாகவே குனிந்து, என் பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று நினைத்தேன். சிரிக்கிறார். வாளிமேல் உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "மூணு வாரம் மாப்ள! மூணு வாரமா எழுபதுல போயிருக்கேன், காது குடைஞ்சுக்கிட்டே!"

பல்சக்கரத்தை மாற்றிக் கொடுத்தேன். முள் இப்போது உண்மையைச் சொல்கிறது. முதல் நாள் உண்மையான எழுபதைப் பார்த்தபோது மறுபடியும் சேசு மரி சூசை மூன்று பேரும் வந்துவிட்டுப் போனார்கள். அதனால் ஐம்பத்தைந்தில் வைத்துக்கொண்டார். ஐம்பதா அறுபதா என்று வெகுநேரம் யோசித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள். இல்லை. "ஐம்பத்தஞ்சு" என்றார், அவ்வளவுதான். கெயில் தன் கருவியை இப்போது அதற்கேற்ற மாதிரி சரிபார்த்துக்கொள்கிறாளாம்.

அடுத்த சனிக்கிழமை கல்யாணத்துக்கு, பழக்கதோஷத்தில், மதியமே கிளம்பிவிட்டார்கள். ஒரு மணிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. மணப்பெண் தலையில் சுருள் மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை இன்னும் மாடு கறந்துகொண்டிருந்தான். பின்பக்கம் சமையலறையில் மட்டும் ஆறு அம்மாக்கள் பன்றிக்கறியும் மாவு உருண்டையும் வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் எந்தக் கல்யாணத்திலும் ஆடியதே இல்லை. ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

"சும்மாத்தானே நிக்கறோம்" என்று அக்கா அக்கார்டியனை மாட்டினாள். மைலோ அடுப்புக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் நடுவில் டூபாவை நுழைத்துக்கொண்டான். அந்த அம்மாக்களில் பெரியவள், மாவுக் கையோடு வந்து டெல்மர் முன்னால் நின்று, "போல்காவா, வால்ட்ஸா?" என்று கேட்டாள்.

"போல்கா" என்றார் டெல்மர், வாயில் கொலாச்சோடு. அவள் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துச் சுழன்றாடக் கிளம்பினார்.